ஈரல் ஊசி

மதினி ஒருநாள் ஒத்தச் செருப்போடு வேனில் ஏறினாள்.

தீப்பெட்டி ஆபீஸ் வேன் அது. காலையில் ஊர் ஊராக நின்று பொம்பளை ஆட்களை ஏற்றிக்கொண்டு கோவில்பட்டிக்குப் போகும். நாங்கள் காட்டு வழியாக நடந்து ரோட்டுக்கு வந்து ஏற வேண்டும். முதல் நாள் மழை. கரிசல் சேறாகக் கிடந்தது. ஒரு செருப்பைச் சேறு பிடித்து வைத்துக்கொண்டது. மதினிக்கு அது தெரியவில்லை. அப்படியே நடந்து வந்துவிட்டாள்.

வேனில் ஒரே சிரிப்பு.

"என்னக்கா, இன்னொரு செருப்ப அத்தானுக்குக் குடுத்துட்டு வந்தியளா?"

"ஒத்தச் செருப்பு விரதமாம்ட்டி. புதுசா வந்திருக்கு."

மதினியும் சிரித்தாள். "ரெண்டையும் போட்டா ரெண்டும்லா தேயும்" என்றாள். பிறகு உட்கார்ந்து குனிந்து தன் காலைப் பார்த்தாள். விரலை அசைத்துப் பார்த்தாள். முகம் மாறியது. மற்றவர்கள் பார்க்கவில்லை. நான் பக்கத்தில் இருந்ததால் பார்த்தேன்.

மதினி என் அண்ணன் பெண்சாதி. வாக்கப்பட்டுப் போன இடம் எனக்குச் சரிப்படவில்லை. திரும்பி வந்துவிட்டேன். ஏன் வந்தாய் என்று மதினி கேட்கவில்லை. ஒரு தட்டைக் கழுவி வைத்துச் சோறு போட்டாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். கொஞ்சம் மானாவாரி நிலம், ஒரு எருமை. அண்ணன் காட்டைப் பார்த்தான். நாங்கள் இரண்டு பேரும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனோம்.

மதினி கவுச்சி தொடமாட்டாள். கல்யாணமான புதிதில் அண்ணனைப் பருத்திக்காட்டில் விரியன் கடித்துவிட்டது. வாயில் நுரை தள்ளிக் கிடந்தவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். மதினி பின்னால் போகவில்லை. நேரே அம்மன் கோயிலுக்கு ஓடினாள். அவிய எந்திரிச்சு வந்துட்டா சாகுற மட்டும் கவுச்சி தொடமாட்டேன் என்று சொல்லி எரிகிற சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தாள். அண்ணன் எழுந்து வந்தான். அன்றிலிருந்து கறி, மீன், கருவாடு, முட்டை எதுவும் இல்லை. எங்களுக்கு வைத்துத் தருவாள். நல்லா வைப்பாள். உப்பு பார்க்க மட்டும் என்னைக் கூப்பிடுவாள்.

பாலும் அவள் குடித்ததில்லை. அது அம்மனுக்கு வைத்த நேர்ச்சை இல்லை. எருமைப் பால் டீக்கடைக்குப் போகும். வீட்டுக்கு நிற்கிற கொஞ்சத்தை உறை ஊற்றி அண்ணனுக்கு வைப்பாள். நானும் மதினியும் கடுங்காப்பிதான். அப்படி இருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. எல்லா வீட்டிலும் அப்படித்தான் இருந்தது.

பட்டினி கிடந்தாள் என்று நினைக்க வேண்டாம். வயிறு நிறையத்தான் சாப்பிட்டாள். கஞ்சி, வெங்காயம், காணப்பயறுத் துவையல், ரேஷன் அரிசிச் சோறு. ஆள் திடமாகத்தான் இருந்தாள். வருசக்கணக்கில் ஒன்றும் தெரியவில்லை.

முதலில் நாக்கு. துவையலைத் தள்ளி வைத்தாள். எரியுது என்றாள். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தேன். செக்கச் செவேல் என்று வழுவழுவென்று இருந்தது. அப்புறம் முகம் வெளுத்தது. ஊருக்கு வருகிற நர்சம்மா ரத்தம் ஊற மாத்திரை கொடுத்தார்கள். அதைத் தின்று முகம் கொஞ்சம் தெளிந்தது. சரியாகிவிட்டது என்று நினைத்தோம். அதுதான் தப்பாகப் போனது. முகம் தெளிந்ததால் காலைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அப்புறம் விரல். எங்களுக்குப் பெட்டி அடைக்கிற வேலை. குச்சியை எண்ணி அடைப்பதில்லை. ஒரு கை அள்ளினால் ஒரு பெட்டிக்கு உள்ளது வர வேண்டும். விரலுக்கே அந்தக் கணக்குத் தெரியும். மதினி விரல் தப்பியதே இல்லை. அந்த வருசம் தப்ப ஆரம்பித்தது. ஒரு பெட்டி பிதுங்கும். ஒரு பெட்டி குலுங்கும். கணக்குப்பிள்ளை அவள் பெட்டியைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டினார்.

"என்னம்மா, கிலுகிலுப்பையா செய்யுதிய?"

எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கு மதினி சிரிக்கவில்லை.

மத்தியானம் தூக்குவாளியைத் திறக்கும்போது என்னிடம் மட்டும் சொன்னாள். "வெரல்ல துணி சுத்துன மாதிரி இருக்குட்டி. கால்ல கரிச மண்ணு அப்புன மாதிரி இருக்கு. கழுவுதேன், கழுவுதேன், போவ மாட்டேங்கு."

"ஆஸ்பத்திரிக்குப் போவோம் மதினி."

"இதுக்கா? களையெடுப்பு முடியட்டும்."

களையெடுப்பு முடிந்தது. பருத்தி வெடித்தது. பருத்தி எடுத்து முடியட்டும் என்றாள். அப்புறம் எருமை கன்று போடட்டும் என்றாள். அவளுக்கு முன்னால் எப்பவும் ஏதாவது ஒன்று நின்றது.

ஒருநாள் சாயங்காலம் வாசலில் நின்று முகம் கழுவினாள். சோப்புப் போட்டுக் கண்ணை மூடினாள். மூடின மாத்திரத்தில் மரம் சாய்கிற மாதிரி சாய்ந்தாள். நெற்றி கல்லில் இடித்து ரத்தம். அண்ணன்தான் தூக்கினான்.

"ஏளா, தலை சுத்துதா?"

"சுத்தல. கண்ண மூடுனா காலு எங்கன இருக்குன்னு தெரியல."

அண்ணன் அவள் நெற்றியில் துண்டை வைத்துக் கட்டினான். மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "ஏட்டி, இன்னைக்கு ரெண்டு பேரும் வேலைக்குப் போவாண்டாம். டாக்டரப் பாத்துட்டுத்தான் வீட்டுக்கு வரணும்" என்றான்.

கோவில்பட்டியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். கவை மாதிரி இருந்த ஒரு கம்பியைத் தட்டி மதினியின் கால் எலும்பில் வைத்தார்கள். அதிருதா என்று கேட்டார்கள். இல்லை என்றாள். முட்டில் வைத்தார்கள். இல்லை என்றாள். என் காலிலும் தட்டி வைத்துக் காட்டினார்கள். ரீங்காரம் உள்ளே ஓடியது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார்கள். சொன்னாள்.

"பால்?"

"எருமை இருக்கும்மா."

"எருமை இருக்கு சரி. நீங்க குடிக்கிறீங்களா?"

"கடைக்குக் குடுக்கோம்."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு மதினியையே பார்த்தார்கள். ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். பி பன்னெண்டு என்று ஒரு சத்து, கறி மீன் முட்டை பாலில்தான் இருக்கும், அது இல்லாவிட்டால் நரம்பு பட்டுப்போகும் என்றார்கள். "வயிறு நிறைஞ்சிருக்கு, நரம்பு பட்டினி கிடக்கு" என்றார்கள். ஊசி போட வேண்டும். முதலில் அடுத்தடுத்து, பிறகு வாரத்துக்கு ஒன்று, பிறகு மாசத்துக்கு ஒன்று, ஆயுசுக்கும். "இப்பப் போட்டா கால் திரும்பும். விட்டுட்டா திரும்பாது. அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது."

மதினி சரி சரி என்று தலையாட்டினாள். நான் மாத்திரை வாங்க வெளியே போனேன். உள்ளே கம்பவுண்டர் ஊசி போட்டார். வயசான மனுசர். ரொம்ப காலமாக ஊசி போடுகிறவர். மதினி முகம் வாடியிருப்பதைப் பார்த்துத் தைரியம் சொல்லியிருக்கிறார்.

"பயப்படாதிய தாயி. இது தண்ணி ஊசி இல்ல. ஈரல் ஊசி. நாலு கெடா ஈரலுச் சத்து இந்தக் குப்பியில இருக்கு. பாருங்க, ரத்தம் மாதிரி செவப்பா."

நல்லதுக்குத்தான் சொன்னார். முந்தி காலத்தில் அப்படி ஈரலில் இருந்து எடுத்த ஊசி இருந்ததாம். அவருக்கு அந்தப் பேச்சே பழகிவிட்டது. அவர் சொன்னது எனக்கு அன்றைக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் மதினி தலையோடு தண்ணீர் ஊற்றிக் குளித்தாள். ஊசி போட்ட கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். ஆஸ்பத்திரி வாடை பிடிக்கவில்லையாக்கும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த ஊசிக்குத் தனியாகப் போகிறேன் என்றாள்.

"ரெண்டு பேரு வேலையும் எதுக்குக் கெடணும்? நான் டவுன் பஸ்ஸுல போயிட்டு வாரேன்."

போனாள், வந்தாள். கையில் பஞ்சு ஒட்டியிருக்கும். வலிச்சுதா மதினி என்று கேட்பேன். வலி என்னட்டி வலி என்பாள்.

கால் தெளியவில்லை. போகப் போக மோசமானது. சுவரைப் பிடித்து நடந்தாள். கருவேல முள் உள்ளங்காலில் ஏறி ஒடிந்திருந்தது. அது சீழ் பிடித்து நாறின பிறகுதான் நான் பார்த்தேன். அவள் ரெண்டு நாளாக அந்த முள்ளோடு நடந்திருக்கிறாள்.

மறுபடியும் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். இத்தனை ஊசிக்கு இப்படி இருக்காதே என்றார்கள். கம்பவுண்டரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"இந்த அம்மா அன்னைக்கு வந்ததோட சரி. அப்புறம் வரவே இல்லையே" என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார வைத்தேன்.

"எங்க போனிய மதினி?"

"ரயிலடிக்கு."

"அங்கன என்ன செஞ்சிய?"

"உக்காந்திருப்பேன். வண்டி வரும், போவும். நேரமானா பஸ் ஏறிருவேன்."

"கையில பஞ்சு?"

"நம்ம காட்டுப் பஞ்சுதான்."

அப்புறம்தான் கம்பவுண்டர் ஈரல் ஊசி என்று சொன்னதைச் சொன்னாள்.  உள்ளே போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர்கள் எழுந்து வெளியே வந்தார்கள். மதினி பக்கத்தில் உட்கார்ந்து, "இது ஆடும் இல்ல மாடும் இல்ல. கம்பெனியில செய்யுற மருந்து. கலரே அப்படித்தான்" என்றார்கள். கம்பவுண்டரும் வந்து, நான் வாய்தவறிச் சொல்லிட்டேன் தாயி என்றார். மதினி எல்லாத்துக்கும் சரி என்றாள். எழுந்திருக்கவில்லை. என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"எப்படியாவது குத்தணும்னு மாத்திச் சொல்லுதாவ."

அன்றைக்கு டாக்டரம்மா என்னையும் விடவில்லை. "ஒரே அடுப்புலதானே சாப்பிடுறீங்க? நீயும் கையை நீட்டு" என்றார்கள். எனக்கும் குறைவுதான். மதினி அளவுக்கு இல்லை. எப்பவாவது கறி தின்றதால் தப்பித்திருக்கிறேன். எனக்கும் சோறு தின்றால் நாக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. சூடாகத் தின்பதால் என்று நினைத்திருந்தேன். அன்றே ஊசி போட்டுக்கொண்டேன். மதினி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வீட்டில் அண்ணன் சத்தம் போட்டான்.

"ஏளா, எனக்காவ வச்ச நேர்ச்சதான? நானே சொல்லுதேன், வேண்டாம். விட்டுரு."

"நீங்க சொன்னா அவ கேப்பாளா?" என்றாள் மதினி. அவ என்றது அம்மனை. "ஒங்க உயிரக் குடுக்கையில நீங்களா குடுத்திய? அவதான குடுத்தா. எங்காலு போனா எங்காலோட போவும். ஒங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

அண்ணன் துண்டை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டான். அவன் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். எருமைக்குப் பின்னால் நின்று அழுதான்.

பூக்கட்டிப் பார்ப்போம் என்று நான் சொன்னேன். எங்கள் பக்கம் அது உண்டு. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், அம்மன் முன்னால் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை. மதினி அதற்கு ஒத்துக்கொண்டாள். அவ சொன்னா போட்டுக்கிடுதேன் என்றாள்.

பூ பறித்து வந்தது நான். பொட்டலம் கட்டியதும் நான். இரண்டிலும் வெள்ளைதான் வைத்தேன். நந்தியாவட்டை. அதற்கு இன்று வரைக்கும் நான் வருத்தப்படவில்லை.

மதினியைத் தாங்கிப் பிடித்து அம்மன் முன்னால் உட்கார வைத்தோம். கும்பிட்டுவிட்டு ஒன்றை எடுத்தாள். ஒரு கையால் எடுக்க முடியவில்லை. ரெண்டு கையையும் சேர்த்து எடுத்தாள். நூலை அவிழ்க்கப் பார்த்தாள். விரல் நிற்கவில்லை. நூல் எங்கே இருக்கிறது என்றே விரலுக்குத் தெரியவில்லை. நான் வாங்கி அவிழ்த்துக் காட்டினேன். வெள்ளை. மற்றதை எடுத்து முந்தியில் முடிந்துகொண்டேன்.

மதினி ரொம்ப நேரம் பூவையே பார்த்தாள். பிறகு, "அப்ப நாளைக்கே போவோமாட்டி" என்றாள். சின்னப் பிள்ளை திருவிழாவுக்குக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

நாலைந்து மாசம் நன்றாகப் போனது. ரெண்டு பேரும் ஒன்றாகப் போய் ஊசி போட்டோம். அண்ணன் டீக்கடைக்குப் பாலைக் குறைத்துவிட்டான். காலையில் அவனே ரெண்டு தம்ளர் பாலைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்து, குடித்து முடிக்கிற மட்டும் நிற்பான். மதினிக்கு வெட்கம்.

"போலீஸ்காரன் மாதிரி நிக்காதிய. குடிக்குதேன்."

"நீ குடிச்சு முடி. ரயிலடியில ஊத்திட்டு வந்திருவ."

நாக்கு எரிவு நின்றது. விரலுக்கு உணர்வு வந்தது. ஒருநாள் கூப்பிட்டு, ஊசியில் நூல் கோர்த்துக் காட்டினாள். கால் மட்டும் வரவில்லை. டாக்டரம்மா ஒளிக்கவில்லை. நாள் ஓடிப் போச்சு, வந்த மட்டும் லாபம் என்றார்கள். கம்பு ஊன்றி வாசல் வரைக்கும் நடப்பாள். தீப்பெட்டி ஆபீஸ் வேன் ஏற முடியவில்லை. அடுத்த வருசம் ஏறுவேன் என்று சொல்லிக்கொண்டு இருந்தாள்.

அந்தக் கோடையில் அண்ணன் காட்டில் விழுந்தான். கோடை உழவுக்குப் போனவன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தானாம். வீட்டுக்குக் கொண்டுவரும்போது உயிர் இல்லை.

மதினி அழவில்லை. வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவள் கம்பை மடியில் வைத்துக்கொண்டு தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கருமாதி விசேசம் எல்லாம் முடிந்து ஊசி போடுகிற நாள் வந்தது. ஆட்டோ சொல்லி வைத்தேன். புறப்படுங்க மதினி என்றேன்.

"நான் வரல."

"ஏன்?"

"காலு கேட்டேன். ஆளை எடுத்துக்கிட்டா."

எனக்குப் புரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். "பூ கட்டுனது நான். ரெண்டுலயும் வெள்ளைதான் வச்சேன். அம்மன் சரின்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. பாவம்னு இருந்தா அது எனக்குத்தான். ஒங்களுக்கு இல்ல."

"தெரியும்" என்றாள் மதினி.

"எப்படி மதினி?" என்றேன்.

"மத்தப் பொட்டலத்த நீ முந்தியில முடிஞ்சியே. அதுல செவப்பு இருந்தா பிரிச்சுக் காட்டியிருப்ப."

"தெரிஞ்சுமா போட்டுக்கிட்டிய?"

கம்பை எடுத்துத் தரையில் ஊன்றினாள். பிறகு சொன்னாள். "நடக்கணும்னு இருந்துச்சுட்டி."

வேறு ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்து மதினி தனக்கென்று ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

அண்ணனுக்கு ரத்தக்கொதிப்பு இருந்தது. பீடி குடிப்பான். அவனும் ஒருநாளும் ஆஸ்பத்திரிப் பக்கம் போனதில்லை. அதையெல்லாம் சொன்னேன். டாக்டரம்மாவை வீட்டுக்கே கூட்டிவந்து சொல்லச் சொன்னேன். மதினி கேட்டுக்கொண்டாள். கையை மட்டும் நீட்டவில்லை. கடைசியில் நான் காலில் விழுந்தேன்.

"எனக்காவ வாங்க மதினி."

"ஒனக்காவத்தான் வரல" என்றாள். "அவிய போயாச்சு. அடுத்து நீதான இருக்க."

ஆட்டோக்காரர் வாசலில் ஆரன் அடித்தார். நான் மட்டும் போனேன். என் ஊசியைப் போட்டுக்கொண்டு வந்தேன். போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் இருந்தது. இருந்தால் அவளை யார் தூக்குவது? அன்றிலிருந்து என் உடம்பை நான் விட்டதில்லை. பாலும் முட்டையும் எனக்கென்று எடுத்து வைத்துச் சாப்பிடுகிறேன். இதைப் படிக்கிற பொம்பளை ஆட்களுக்கும் அதுதான். நாக்கு எரிந்தால், விரல் மரத்தால், களையெடுப்பு முடியட்டும் என்று இருக்காதீர்கள்.

மதினி அதற்கப்புறம் பாலும் தொடவில்லை. கால் சுத்தமாகப் போனது. கையும் போனது. பிறகு நினைவு தடுமாறியது. பொழுது சாயும்போது அவிய காட்டுலருந்து வந்தாச்சா என்று கேட்பாள். இந்தா வந்துக்கிட்டே இருக்காவ என்பேன். சரி, வெந்நீர் போடு என்பாள். போட்டு வைப்பேன்.

படுக்கையிலேயே கிடந்து இடுப்பில் புண் வந்தது. கையை வைத்தால் உள்ளே போகிற அளவுக்குக் குழி. தினமும் கழுவி மருந்து வைப்பேன். வைக்கும்போது முகத்தைப் பார்ப்பேன். கொஞ்சமாவது சுளிப்பாளா என்று. சுளிக்கமாட்டாள். அங்கே புண் இருப்பதே அவளுக்குத் தெரியாது. நான் சேலையைத்தான் சரி பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொள்வாள்.

"முடிஞ்சுதாட்டி?" என்று கேட்பாள்.

"முடிஞ்சுது மதினி" என்பேன்.

பருத்தி வெடிக்கிற சமயத்தில் போய்ச் சேர்ந்தாள்.